எரிகிற வீட்டுக்குத்தான் தண்ணீர்

விழாத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் செவிலியர் பள்ளித் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். காய்ச்சல் முகாமை முடித்த கையோடு நேரே இங்கே வந்திருக்கும் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

‘வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டினானாம்’ என்பார்கள். நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழி இது. இன்றைக்கு அதற்குப் பொருத்தமான மனிதர் கிடைத்திருக்கிறார்: பெரியம்மையை ஒழிக்க உழைத்த அமெரிக்க மருத்துவர், டாக்டர் வில்லியம் ஃபேகி. அவர் களத்தில் கற்றது, பிறகு உட்கார்ந்த பதவி என்று இரண்டு செய்திகள்.

1966 கடைசியில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை. எல்லாருக்கும் போடுமளவு தடுப்பு மருந்து கையில் இல்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த ஊரில் அம்மை என்று மிஷனரிகளிடம் ரேடியோவில் விசாரித்து, அந்த ஊர்களைச் சுற்றி மட்டும் போட்டார். நோய் அடங்கியது.

அப்புறம் 1974, நம் பீகார். இங்கேயும் ஃபேகி குழுவுக்கு அதே வழிதான்: அம்மை உள்ள இடத்தைத் தேடி, அதைச் சுற்றி மட்டும் ஊசி. அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையை நீட்டி, “இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா?” என்று ஊழியர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள். தேடத் தேடக் கணக்கு ஏறியது. தேடினால் கிடைக்கத்தானே செய்யும்! மாநில சுகாதார அமைச்சர், பழையபடி எல்லாருக்கும் ஊசி போடுங்கள் என்றுவிட்டார். கூட்டத்தில் பெரிய அதிகாரிகள் இருந்தார்கள். எழுந்து பேசியவரோ ஓர் இளம் இந்திய மருத்துவர். தான் கிராமத்தில் வளர்ந்தவன் என்றார். அங்கே ஒரு வீடு பற்றிக்கொண்டால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டிலும் ஊற்றமாட்டோம் என்றார். அமைச்சர் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

அந்த ஃபேகிதான் 1977 முதல் 1983 வரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர். பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அறிக்கை, 1981 ஜூனில், அவர் காலத்தில்தான் வந்தது. தெருத் தெருவாக நடந்த டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. இங்கே சுகாதார ஆய்வாளர் பணியிடம் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. அட்டையோடு கதவைத் தட்ட ஆள் இல்லாவிட்டால் மேலே எந்த டாக்டர் உட்கார்ந்து என்ன? டெங்கு வந்த பிறகு தற்காலிக ஆள் எடுப்பது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதுதான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.