ஏற்றத்தில் டர்போ: எந்தக் கியர், எத்தனை ஆர்பிஎம்?

[காட்சி: காலி வீதி, வெள்ளவத்தை. நெரிசலில் நகரும் வானின் ஆர்பிஎம் மீற்றர்.]

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில் சொல்லத்தக்க மேடு ஒன்றும் இல்லை. அதனால் கொழும்பில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது: ஆர்பிஎம் முள், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்று காட்டும் முள், 1,500ஐத் தொட்டதும் அடுத்த கியர், எஞ்சின் சத்தம் கூடினால் எண்ணெய் வீண். சமதரையில் அது நல்ல பழக்கந்தான். ஆனால் பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் புறப்படும்போது அதுவும் கூடவே வண்டியில் ஏறிக்கொள்கிறது. டர்போ பூட்டிய வாகனத்துக்கு அங்கே அது ஆகாது.

[காட்சி: டர்போவின் வெட்டுத் தோற்றம்.]

சிலிண்டரிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம், இழுவை கிடைக்கும். உச்சத்தில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 100,000 தடவைக்கு மேல் சுழலும். ஆனால் புகை போதாவிட்டால் சக்கரம் சோம்பிக் கிடக்கும்.

[காட்சி: புசல்லாவையைத் தாண்டி இறம்பொடைப் பக்கம். கொண்டை ஊசி வளைவு.]

அந்தச் சோம்பல் எங்கே வெளிப்படும் என்று பாருங்கள். ஆள் நிறைந்த டீசல் வான், மூன்றாம் கியரிலேயே வளைவுக்குள் நுழைகிறது. வேகம் விழுகிறது, முள் 1,200க்கு இறங்குகிறது. ஓட்டுநர் எக்சலரேட்டரை அடிவரை மிதிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் முனகுகிறது, கியர் நெம்பு கையில் அதிர்கிறது, பக்கக் கண்ணாடியில் கரும்புகை தெரிகிறது. ஓரிரு விநாடி கழித்து டர்போ விழித்து வண்டியைத் தள்ளும்போது ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியிருக்கிறது, எதிரே பஸ் இறங்கி வருகிறது.

இதே வளைவுக்கு முன்பாகவே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டாம் கியருக்கு இறக்கியிருந்தால் முள் 2,000ஐ ஒட்டி நின்றிருக்கும். டர்போ ஏற்கனவே சுழன்றுகொண்டிருக்கும். காலை மெல்ல அழுத்தினாலே வண்டி ஏறும். கியரை வளைவுக்கு முன் மாற்ற வேண்டும், வளைவுக்குள் அல்ல. இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆர்பிஎம் கூடினால் எண்ணெய் குடிக்காதா?” என்று கேட்பீர்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

[காட்சி: திரையில் கணக்கு.]

ஆட்களோடு 2,500 கிலோ எடையுள்ள வான். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர். எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 16 கிலோவாட் தேவை. எந்தக் கியரில் போனாலும் அந்த 16 குறையாது. 1,300 ஆர்பிஎம்மில் அதை எடுக்க எஞ்சின் சுமார் 120 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை (தண்டைத் திருகும் பலம்) தர வேண்டும். 2,000இல் 78 போதும். பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் இலேசாகிறது.

குறைந்த ஆர்பிஎம்மில் திணறவிட்டால், காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து புகையாகப் போகும். அதுதான் உண்மையான வீண். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிற வான்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: எஞ்சின் மெதுவானால் அவையும் மெதுவாகும். சூடு கூடுகிற நேரம் பார்த்துக் குளிரூட்டல் குறையும். ஏற்றத்தில் ரேடியேற்றர் கொதித்தால் பலரும் ஏசியைக் குற்றம் சொல்கிறார்கள். கியரை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

வான், பிக்அப் டீசல்கள் பெரும்பாலும் 1,800க்கும் 2,600க்கும் இடையில் நன்றாக இழுக்கும். உங்கள் வாகனத்தின் கையேட்டில் உச்ச முறுக்குவிசை எந்த ஆர்பிஎம்மில் என்று போட்டிருக்கும். முள்ளை அந்த எல்லைக்குள் வைத்திருங்கள். சிவப்புக் கோட்டுக்குப் போக வேண்டியதில்லை. 3,500க்கு மேல் டீசலில் பெரும்பாலும் சத்தம்தான் கூடும்.

[காட்சி: சிறிய ஜப்பான் கார், கடுகண்ணாவை ஏற்றம்.]

660 சிசி டர்போ பெற்றோல் கார்கள் கொழும்பில் நிறைய ஓடுகின்றன. அவற்றின் வலு 64 குதிரைத்திறனோடு நின்றுவிடும். இழுவை 3,000 பக்கம்தான் முழுதாகக் கிடைக்கும். ஆகவே ஏற்றத்தில் 3,000, 4,000 என்று முள் ஏறுவது இயல்பு, பயப்பட வேண்டாம். சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத தானியங்கிக் கியர்பெட்டி என்றால் செங்குத்தான இடத்தில் ‘எஸ்’ அல்லது ‘எல்’ நிலைக்கு மாற்றுங்கள். பழைய ஒட்டோ கியரானால் ஓவர்டிரைவை (சமதரையில் எஞ்சினை மெதுவாக ஓடவிடும் உயர் கியரை) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது இரண்டு கியருக்கு நடுவே ஓயாமல் தடுமாறும்.

நேரடி எரிபொருள் பீச்சு முறையுள்ள சிறு டர்போ பெற்றோல் எஞ்சின்களைக் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிப்பது ஆபத்து. ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடலாம். இதைத் தடுக்கவே 2018இல் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்ற ஒயில் தரங்கள் வந்தன. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ட ஒயிலை வாங்காமல், போத்தலில் எஸ்பி அல்லது அதற்குப் பிந்திய தரம் என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழக்கும். டர்போ அதை ஈடுகட்டும், சுழன்றால் மட்டும். கடைசி வளைவுகளில் முள்ளைக் கீழே விழ விட்டால், மெல்லிய காற்றில் டர்போவே இல்லாத சிறிய எஞ்சினைத்தான் ஓட்டுகிறீர்கள்.

[காட்சி: வீதியோரத் தேநீர்க் கடை முன் நிற்கும் வான்.]

வழியில் தேநீருக்கு நிறுத்தினால் சாவியை உடனே திருப்பாதீர்கள். எஞ்சின் நின்றால் டர்போவின் தண்டுக்கு ஒயில் போவதும் நின்றுவிடும். கொதிக்கும் சூட்டில் அங்கே தங்கிய ஒயில் கருகிப் படியும். பிள்ளைகள் இறங்கும் வரை, ஓரிரு நிமிடம், எஞ்சின் சும்மா ஓடட்டும்.