கையில் தேவாலயத்தை ஏந்தி நிற்பவர்

அன்பு நண்பர்களே, வணக்கம். இன்றைக்கு வடக்கு மாசிடோனியாவில், ஒசோகோவோ மலைச்சரிவில் லெஸ்னோவோ என்று ஒரு மடம் இருக்கிறது. அதன் தேவாலயச் சுவரில் ஒரு பிரபு, அதே தேவாலயத்தைச் சின்ன உருவமாகக் கையில் ஏந்தியபடி நிற்கிறார். அவர் பெயர் யோவான் ஒலிவர். செர்பிய மன்னர் ஸ்டீபன் துஷானின் பெரும் பிரபுக்களில் ஒருவர்.

வீடு கட்டிப்பார் என்கிறோம். மடம் கட்டுவது அதைவிடப் பெரிய பாடு. 1341இல் தலைமைத் தூதர் மிக்கேல் பெயரில் தேவாலயத்தை எழுப்பிய ஒலிவர், சுவர் எழும்பியதும் கைகழுவிவிடவில்லை. மடத்துக்கு ஊர்களை எழுதி வைத்தார். வாசல் கல்வெட்டு அதைச் சொல்கிறது. விளக்கு எரிய வேண்டும், துறவிகள் சாப்பிட வேண்டும், தன் ஆன்மாவுக்காக வேண்டுதல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் பொறுப்பேற்பவரைத்தான் அங்கே ‘க்டிடோர்’ என்பார்கள்.

தேவாலயத்தில் எழுதப்பட்ட இன்னொரு வாசகத்தில் அவர் வகித்த அரசவைப் பதவிகள் வரிசையாக வருகின்றன: செல்னிக், ஸ்லூகா, வோய்வோடா என்ற படைத்தலைவர் பதவி, செவஸ்டோக்ரேட்டர், கடைசியில் ஆட்சியாளருக்கு அடுத்த நிலையில் இருந்த டெஸ்பாட். ‘ஸ்லூகா’ என்றால் ஊழியர் என்று பொருள். அரசவையில் அது உயர்ந்த பட்டம். தான் ஏறி வந்த படிகளை ஒருவர் கடவுள் முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்வதைப் போல அது எனக்குப் படுகிறது. அதில் பெருமையும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது.

சரி, அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1346இல் துஷான் ஸ்கோப்யேயில் பேரரசராக முடிசூடினார். அடுத்த ஆண்டே லெஸ்னோவோ மடம் ஸ்லெதோவோ பகுதியின் ஆயருக்கு இருக்கை ஆனது. 1349இல் முன்மண்டபத்துக்கு ஓவியம் தீட்டினார்கள். துஷானும் அரசி ஜெலேனாவும் அங்கே நிற்கிறார்கள். ஒலிவரும் அவர் மனைவி ஆனா மரியாவும் நிற்கிறார்கள். எல்லோர் மேலும் பட்டாடை.

ஆனால் அந்த மண்டபத்தில் என் மனம் நிற்கிற இடம் வேறு. சங்கீதப் புத்தகத்தின் கடைசித் துதிப்பாடல்களை ஓவியர்கள் அங்கே வரைந்திருக்கிறார்கள். நடனத்தோடு ஆண்டவரைத் துதியுங்கள் என்ற வரிக்கு, மேளம் முழங்க ஆடுகிற ஒரு கூட்டத்தையே தீட்டிவிட்டார்கள். அந்த ஆட்டக்காரர்களை நினைக்கும்போதெல்லாம், ஒலிவர் எழுதி வைத்த ஊர்களில் உழுது, மடத்துக்கு விளைச்சலில் பங்கு அளந்த குடியானவர்கள்தான் என் கண்முன் வருகிறார்கள்.