டிராக்கன்ஸ்பர்க் மலை மூங்கில்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நமக்கு மூங்கில் புதியதன்று. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறி பயிரிட்டு, தோளில் ஒரு மூங்கிற்கழியைக் காவடிபோல் வைத்து, இரு முனையிலும் கூடையைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். இன்றும் நம் அண்டை வீட்டு இந்தி பேசும் குடும்பத்தார் அனுமனுக்குச் சிவப்புக் கொடி ஏற்றுவது மூங்கிலில்தான். ஆனால் நம் தோட்டங்களில் நிற்கும் பருத்த மூங்கில்கள் எல்லாம் கடல் கடந்து வந்தவை. இந்நாட்டு மண்ணிலேயே தோன்றிய மூங்கில் ஒன்றே ஒன்றுதான். அது கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

டிராக்கன்ஸ்பர்க் மலைகளிலும் லெசோத்தோவிலும் கிழக்குக் கேப் மாகாணத்தின் உயரமான பகுதிகளிலும், ஏறத்தாழ 1500 மீட்டருக்கு மேல், ஓடைக்கரைகளிலும் ஈரம் தங்கும் சரிவுகளிலும் அது வளர்கிறது. நெடுங்காலம் இமயமலை மூங்கில்களோடு ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்திருந்த இதை, 2013இல் தாவரவியலார் பிரித்துத் தனிப் பேரினமாக்கி, பெர்க்பாம்போஸ் டெசெல்லாட்டா என்று பெயரிட்டார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'பெர்க்' என்றால் மலை. ஆகவே 'மலை மூங்கில்' என்று நாம் சொன்னால் அறிவியல் பெயரின் முற்பாதியைத் தமிழில் சொன்னதாகிவிடும்.

பிற்பாதிக்குப் பொருள் தெரிய, நான் கொண்டுவந்துள்ள இந்த இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெல் இலையில் நரம்புகள் நீளவாக்கில் மட்டுமே ஓடுவதைக் காண்பீர்கள். இதிலோ குறுக்கு நரம்புகளும் ஓடி, கட்டம் கட்டமாகத் தரையில் ஓடு பதித்ததுபோல் தெரிகிறது. குளிர் தாங்கும் மூங்கில்கள் பலவற்றில் இந்தக் கட்டங்களைக் காணலாம். அடுத்து இந்தக் கழி. பெருவிரல் பருமன்கூட இல்லை. கணுவைச் சுற்றியிருக்கும் உறை வெளிர்நிறத்தில் காகிதம்போல் இருக்கிறது. கணுவிடையின் நீளத்தைவிட உறை நீண்டிருப்பதால் கழியின் பச்சை வெளியே தெரிவதில்லை. எட்டி நின்று பார்ப்பவர் காய்ந்த புதர் என்றே நினைத்துவிடுவார்.

பயன் என்று கேட்டால், ஏணிக்கும் கூரைச் சட்டத்துக்கும் ஆகும் மூங்கில் அன்று இது. நல்ல இடத்தில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வளரும். காற்றடிக்கும் உச்சிகளில் இடுப்பளவே நின்றுவிடும். ஜூலு மக்கள் தங்கள் கேடயம் செய்வதற்கு இக்கழிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த மலைத்தொடருக்கு அவர்கள் இட்ட பெயர் உக்காஹ்லாம்பா, அதாவது ஈட்டிகளின் அரண். அந்த அரணிலிருந்தே கேடயத்துக்கும் கழி கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. குடிசைக்கு வரிச்சாகவும் வேலிக்கழியாகவும் இது பொருந்தும். இன்றைக்கு இதன் பெரும்பயன், என் கணிப்பில், ஓடைக்கரை மண்ணை வேரால் கட்டி வைப்பதும், குளிர்ப்பகுதித் தோட்டங்களில் மறைப்புச் செடியாக நிற்பதும்தான். மூங்கில் போட்டால் சில ஆண்டுகளில் பணம் கொட்டும் என்று சொல்லித் திரிபவர்கள் சொல்வது இந்த இனத்தை அன்று.

வளர்ப்பு முறைக்கு வருவோம். மூங்கில் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அடிக்கிழங்கைப் பற்றி. ஓடும் கிழங்கு உள்ள இனம் அண்டை வீட்டுச் சுவரடியில் போய் முளைக்கும். நம் மலை மூங்கில் தூர்கட்டி நிற்பது, மெல்லத்தான் அகலும். இது பூப்பது மிக அரிது என்பதால் விதைக்குக் காத்திருப்பதில் பயனில்லை. தூரைப் பிரித்து நடுவதே வழி. வசந்தத்தில், புதுமுளை கிளம்புவதற்குச் சற்று முன்னால், இரண்டு மூன்று கழிகளோடும் கிழங்கோடும் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, வேர் காயுமுன் நட வேண்டும். மண்ணில் ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் தூரடியிலேயே விட்டுவிடுங்கள். அதுவே மூடாக்கு, அதுவே எரு.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கிய செடியை, எங்கும் வளரும் என்று அங்கே சொன்னதை நம்பி, சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக் கொல்லையில் நட்டேன். உறைபனியைத் தாங்கும் செடி, டர்பன் கோடையின் புழுக்கத்தைத் தாங்கவில்லை. நுனி கருகத் தொடங்கி, இரண்டாம் கோடையில் முழுவதும் போயிற்று. டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்து ஊர்களான அண்டர்பர்க், ஹிம்வில் பக்கம் நிலமுள்ளவர்கள் நடலாம். அவர்களும் பண்ணையில் வளர்த்த செடியையே வாங்க வேண்டும்; 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட அந்த மலைக்காட்டில் மண்வெட்டி போடக் கூடாது.

கழி வெட்டுவதைப் பற்றி ஒரு சொல். மூங்கில் முளை தன் முழுப் பருமனோடு மண்ணைவிட்டு வெளிவந்து, ஒரே பருவத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் அது பருப்பதில்லை, முற்றத்தான் செய்யும். எனவே மூன்று ஆண்டு கடந்த கழிகளாகப் பார்த்து, தூரின் உட்புறத்திலிருந்து, மழையற்ற குளிர்மாதங்களில் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிடையில் வெட்டினால் மீந்த குழலில் நீர் நின்று அழுகும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார் என் பாட்டனார். நான் பிறை பார்ப்பதில்லை, வெட்டிய கழியைச் சில வாரம் ஓடும் நீரில் போட்டு, வண்டு விரும்பும் மாவுச்சத்தைக் கரையவிட்டபின் நிழலில் உலர்த்துகிறேன்.