சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

(மட்டக்களப்பில் ஒரு நூலக மண்டபத்தில் பேசியது. பேச்சில் தடம் மாறிய இடங்களைக் கொஞ்சம் நேராக்கியிருக்கிறேன், மற்றபடி பேசியபடிதான்.)

எல்லோருக்கும் வணக்கம். மேசையில் இருக்கிற தயிர்ச்சட்டியைப் பார்த்துப் பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது. வரும் வழியில் தெருவோரத்தில் வாங்கியது, அதற்குக் கடைசியில் வருவோம்.

எனக்குத் தந்த தலைப்பு, நூதனசாலைகளில் இருக்கும் மட்பாண்டக் கலை. பெரிய தலைப்பு, ஒரு மணித்தியாலத்தில் முடிகிற காரியமில்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: இதைச் செய்தது யார்? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பானையை வைத்தால் அதன் அழகான பக்கத்தைத்தான் நம் பக்கம் திருப்பி வைப்பார்கள், நாமும் காலத்தையும் ஊரையும் வாசித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவோம். செய்த ஆள் இருப்பது அநேகமாக மற்றப் பக்கத்தில், அடியில், உடைந்த ஓரத்தில்.

செக் நாட்டில் தொல்னி வெஸ்தொனிசே என்ற இடத்தில் 1925இல் ஒரு சின்னப் பெண் உருவம் கிடைத்தது. சுட்ட மண், உயரம் 11 சென்ரிமீற்றர் அளவு, இரண்டாக உடைந்திருந்தது. வயது 25,000 ஆண்டுகளுக்கு மேல். சீனத்துக் குகையில் கிடைத்த மிகப் பழைய பானை ஓடுகளுக்கே ஏறத்தாழ 20,000 ஆண்டுதான், அதாவது மனிதர் சோறாக்கப் பானை செய்வதற்கு முன்பே பொம்மை செய்து சுட்டிருக்கிறார்கள். அந்த உருவத்தின் முதுகில் ஒரு விரல் ரேகை இருக்கிறது, ஆய்ந்தவர்கள் அது ஒரு பிள்ளையுடையது என்கிறார்கள். ஈரமாக இருந்தபோது எந்தப் பிள்ளை தூக்கியதோ! வெறும் மண்ணாக இருந்திருந்தால் அடுத்த மழைக்கே போயிருக்கும். ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் களிமண்ணுக்குள் பிணைந்திருக்கிற நீரும் வெளியேறிவிடுகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி சேறாகாது. ரேகை நின்றது அதனால்தான்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இறந்தவரை வைத்துப் புதைக்கிற பெரிய பானைகள். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பலதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் நூதனசாலைக்குப் போயின. அதே மாதிரித் தாழியில் புதைத்த இடம் நம் தீவிலும் உண்டு, புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில். இந்தத் தாழிகளோடு கிடைக்கிற சின்னக் கலங்கள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பூச்சு வேலை என்று நினைக்கவேண்டாம், சூளையில் கவிழ்த்து அடுக்கினால் உள்ளே காற்றுப் புகாமல் கரி படிந்து கறுக்கும், வெளியே காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும் என்பதுதான் பொதுவான விளக்கம். ஒரே நெருப்பில் இரண்டு நிறம்! இதைச் செய்தவருக்கு இரசாயனப் புத்தகம் இல்லை, கைப்பழக்கம் இருந்தது.

புறநானூற்றில் 256ஆம் பாட்டில் ஒரு பெண், புருசன் செத்த துக்கத்தில், குயவரிடம் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்லிக் கேட்கிறாள். கேட்கும்போது அவரை அழைப்பது 'கலஞ்செய் கோவே' என்று. பேரில்லை, ஆனால் மரியாதை இருக்கிறது. கீழடி ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்று பேர்கள் வருகின்றன. இப்படி எழுத்துள்ள ஓடுகளில் பலவற்றில் கீறல் சுட்ட பிறகு விழுந்தது, ஆக அது வாங்கினவர் தன் பானைக்குப் போட்ட அடையாளம் என்றுதான் எனக்குப் படுகிறது, நம் வீடுகளில் எவர்சில்வர் சட்டிக்குப் பேர் வெட்டுகிற மாதிரி. வனைந்தவரின் பேர் அங்கேயும் இல்லை.

கிரேக்கத்தில் கதை வேறு. இத்தாலியின் புளோரன்ஸ் நூதனசாலையில் பிரான்சுவா கலம் என்று ஒரு கிரேக்கக் கலம் இருக்கிறது, கிமு 570 அளவில் செய்தது. வனைந்தவர் எர்கோதிமோஸ், வரைந்தவர் கிளெய்தியாஸ் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள், ஒரு தடவை போதாதென்று இரண்டு தடவை. வீரர்களுக்குப் பேர், குதிரைகளுக்குப் பேர், ஏன், படத்தில் கிடக்கிற குடத்துக்குப் பக்கத்தில்கூடக் 'குடம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! 1900இல் அங்கே வேலை செய்த காவலாளி ஒருவர் கோபத்தில் ஒரு முக்காலியைத் தூக்கி எறிந்தார், கலம் 638 துண்டாகப் போயிற்று. பிறகு பொறுக்கி ஒட்டினார்கள். உடைந்ததால் நட்டம்தான், ஆனால் மண் அப்படித்தான், உடைந்தாலும் அழிவதில்லை.

துணியும் மரமும் உக்கிப்போகும், பொன்னை உருக்கிவிடுவார்கள், பானை ஓட்டை மட்டும் யாரும் களவெடுப்பதில்லை. யாழ்ப்பாணம் அல்லைப்பிட்டியில் கிடைத்த சொங் அரசமரபுக் காலத்துச் சீனக் கலங்களின் துண்டுகளை வைத்துத்தான் சீனத்தோடு நடந்த கடல்வழி வணிகத்தைப் பற்றிப் பேச முடிகிறது. விற்றவரையும் வாங்கியவரையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள், சூளைக்காரரைப் பற்றி ஒரு வரி கிடைத்தால் பெரிய காரியம்.

இக்காலத்துக்கு வந்தால் கேள்வி இன்னும் சுவாரசியமாகிறது. ஜப்பானில் ஹமதா ஷோஜி என்ற குயவர், நாட்டின் வாழும் பொக்கிஷம் என்று 1955இல் பட்டம் வாங்கிய ஆள், தன் கலங்களில் கையெழுத்தே போடமாட்டார். அதற்கு நேர்மாறாக 2010இல் லண்டன் டேட் மொடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் அய் வெய்வெய் கொட்டி வைத்த சூரியகாந்தி விதைகள். பத்துக் கோடி விதை, எல்லாம் பீங்கான். சீனாவின் ஜிங்தெசன் நகரத்தில் ஏறத்தாழ 1,600 பேர் அவற்றைச் செய்து கையால் வர்ணம் தீட்டினார்கள். வந்தவர்களை முதலில் மேலே நடக்க விட்டார்கள், தூசி உடம்புக்குக் கூடாது என்று சில நாளில் நிறுத்திவிட்டார்கள். அருமையான யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உலகம் சொல்வது ஒரே ஒரு பேர். அந்த 1,600 பேரும் நம் கலஞ்செய் கோமார்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி இந்தச் சட்டி. மட்டக்களப்பு எருமைத் தயிர் என்று கொழும்புவரை புகழ், அதில் பாதிப் புகழ் சட்டிக்குப் போகவேண்டும். குறைந்த சூட்டில் சுட்டு, மேற்பூச்சுப் பூசாமல் விட்டதால் சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. தயிரின் தண்ணீரை அது உறிஞ்சுகிறது, தயிர் இறுகுகிறது, உறிஞ்சிய நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது சட்டி குளிர்கிறது. மினுமினுக்கிற சீனப் பீங்கான் இந்த வேலைக்கு உதவாது, பிளாஸ்டிக் வாளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். தயிர் முடிந்ததும் சட்டியை என்ன செய்கிறோம்? வேலிக்கு வெளியே எறிகிறோம், மிஞ்சினால் ரோசாச்செடி வைக்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அம்மம்மா மட்டும் ஒன்றிரண்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

கடைக்காரரிடம் இதை யார் செய்தது என்று கேட்டேன். "வேன்ல வாறது சேர்" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பாருங்கள். அடியில், ஓரமாக, பெருவிரல் அழுத்திய பள்ளம் ஒன்று இருக்கிறது, உங்கள் விரலை அதில் வைத்துப் பாருங்கள், சரியாகப் பொருந்தும். மெல்ல, தம்பி, கவிழ்க்காதே, உயர்த்திப் பிடித்துக் கீழேயிருந்து பார். உள்ளே இன்னும் தயிர் இருக்கிறது.