ஒட்டாவாவிலிருந்து நகரசபைக்குத் திரும்பியவர்

எல்லோருக்கும் வணக்கம்.

ஒட்டாவாவில், கனடா நாடாளுமன்றத்தில், எட்டு வருடம் இருந்த ஒருவர் நகரசபைக்குத் திரும்பி வந்தால், "பதவி இறங்கிவிட்டாரே" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ரொறன்ரோவின் மேயரான ஒலிவியா சௌவைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

1957-இல் ஹொங்கொங்கில் பிறந்தவர். 13 வயதில் ரொறன்ரோவுக்கு வந்தார். அங்கே கல்வி அதிகாரியாக இருந்த அப்பா இங்கே டாக்சி ஓட்டினார். ஆசிரியையாக இருந்த அம்மா ஹோட்டல் வேலைக்குப் போனார். ஸ்காபரோவில் இது எத்தனை வீட்டுக் கதை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டான் ஹீப் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் உதவியாளராக இருந்தபோதுதான் குடிவரவுச் சிக்கலோடு வருகிறவர்களைத் தினமும் பார்த்தார். 1985-இல் கல்விச் சபை, 1991-இல் ரொறன்ரோவுக்கும் சுற்று நகரங்களுக்கும் பொதுவான மெட்ரோ சபை, அப்புறம் அந்த நகரங்கள் ஒன்றாக்கப்பட்ட ரொறன்ரோ நகரசபை. 1997-லும் 2004-லும் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்று, 2006-இல்தான் டிரினிட்டி ஸ்பாடைனா தொகுதியில் வென்றார்.

நாடாளுமன்றத்தில் அவருடைய புதிய ஜனநாயகக் கட்சி (NDP) ஒருநாளும் ஆட்சியில் இல்லை. ஈராக் போருக்குப் போக மறுத்து வந்த அமெரிக்கப் படையினரை இங்கே இருக்க விட வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 2008 ஜூனில் நிறைவேறியது. சபையே சொன்னாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். அன்றைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதன்படி நடக்கவில்லை. 2011-இல் கணவர் ஜாக் லேட்டன் இறந்துபோனார். 2014-இல் பதவியை விட்டு மேயர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தலிலும் தோல்வி. இத்தோடு சரி என்றே பலர் நினைத்தார்கள். 2023 இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட, சுமார் 37 சதவீத வாக்கோடு மேயரானார்.

அந்தக் கோடையை நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதிகள் நகரின் நடுவில், பீட்டர் வீதியில், தங்குமிட அலுவலக வாசலிலேயே நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். அகதியை ஏற்பது ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், முடிவு. படுக்கை கொடுக்க வேண்டியது நகரம். ஜூலை 12-இல் சௌ பதவியேற்றார். ஒரு வாரத்துக்குள் மத்திய அரசு ரொறன்ரோவுக்கு 9.7 கோடி டொலர் அறிவித்தது. அவரால் மட்டும் வந்த பணம் என்று சொல்லமாட்டேன். தேவாலயங்களும் கறுப்பினச் சமூகத்தவரும் அந்த மக்களை அழைத்துப்போய்ச் சோறு போட்டதும் ஒட்டாவாவை அசைத்தது. ஆனால் இரண்டு பக்கத்துக் கதவும் எப்படித் திறக்கும் என்று தெரிந்த ஒரு மேயர் அப்போது இருந்தார்.

நகரசபைக்கு வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை. பெரிய வரவு சொத்து வரிதான். நடப்புச் செலவுக்குப் பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டம் போடவும் சட்டம் விடாது. அதனால்தான் 2024-இல் வீட்டு வரியை 9.5 சதவீதம் ஏற்றினார். வீட்டுக்காரருக்கு வலித்தது உண்மை. பல வருடம் தள்ளிப்போட்ட வலி அது.

கார்டினர், டொன் வேலி பார்க்வே ஆகிய இரண்டு பெருஞ்சாலைகளின் செலவையும் மாகாணத்தின் தலையில் ஏற்றியது அவருடைய மிகப் பெரிய ஒப்பந்தம் என்பேன். அதற்கு விலையாக, ஏரிக்கரையில் உள்ள ஒன்ராறியோ பிளேஸ் பொழுதுபோக்கு வளாகத்தை மாற்றிக் கட்டுவது பற்றிய முடிவு மாகாணத்துடையதே என்று ஒத்துக்கொண்டார். அவரை ஆதரித்த பலருக்கு அது கசந்தது, எனக்கும்தான். என்றாலும் அந்தச் சாலைகளின் பழுதுச் செலவை நம் வீட்டு வரியிலிருந்து இனியும் கட்டியிருக்கலாம் என்று நான் வாதிடமாட்டேன்.