பூட்டிய பீரோவும் வெள்ளிக் காலணியும்

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி போடுவது முதல் மைக் கட்டுவது வரை ஓடியாடிச் செய்த வாசகர் வட்டத் தோழர்களே, தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த தலைவர் அவர்களுக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். டோரதி என்ற சிறுமியின் பயணம், அந்தக் கதைக்கு டென்ஸ்லோ வரைந்த படங்கள், குழந்தைகளுக்கான மொழிபெயர்ப்பு.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம் எழுதி 1900இல் சிகாகோவில் வெளிவந்த ‘ஓஸின் அற்புத மந்திரவாதி’தான் அந்தக் கதை. கான்சாஸ் புல்வெளியில் அடித்த சூறாவளி, டோரதியையும் நாய்க்குட்டி டோட்டோவையும் வீட்டோடு தூக்கி ஓஸ் நாட்டில் இறக்குகிறது. வழித்துணையாகச் சேர்கிறவர்கள் மூவர்: மூளை கேட்கும் வைக்கோல் பொம்மை, இதயம் கேட்கும் தகர மரவெட்டி, துணிச்சல் கேட்கும் சிங்கம். இந்தத் தகர மனிதன் நடக்கும்போது தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிடுகிறான். அழுகிறான். கண்ணீர் வழிந்து தாடை துருப்பிடித்து வாய் இறுகிவிடுகிறது. டோரதியின் கூடையிலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து வைக்கோல் பொம்மைதான் ஊற்றிவிடுகிறது. வண்டுக்காக அழுகிறவனுக்கா இதயம் இல்லை? பக்கத்தில் நிற்பவனின் தவிப்பு புரிந்ததே, அந்தப் பொம்மைக்கா மூளை இல்லை? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று என் பாட்டி சொல்வாள். டோரதியும் அப்படித்தான். ஊர் திரும்ப வழி கேட்டு நாடெல்லாம் நடக்கிறாள். கொண்டுபோய்ச் சேர்க்கும் வெள்ளிக் காலணி அவள் காலிலேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மாவு மில்லுக்கு வந்த சிறுமி ஒருத்தி, தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணாடி பீரோ முன்னால் நிற்கிறாள். உள்ளே குழந்தைகள் நூல்கள். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டுகிறாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது. பாவாடை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி படிக்கிறாள்.

“எடுத்துப் படியேன் பாப்பா” என்றேன்.

“பூட்டியிருக்கிறது தாத்தா. நாங்கள் கிழித்துவிடுவோமாம்.”

“எத்தனை பெயர் படித்தாய்?”

கண்ணை மூடிக்கொண்டு மேல்தட்டு முழுவதையும் ஒப்பித்தாள். ஒரு பெயர் தவறவில்லை. ஒரு புத்தகத்தையாவது தொட்டதுமில்லை. மில்லிலிருந்து குரல் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அன்று என் தொண்டை அடைத்துக்கொண்டது, இன்றும்தான்.

ஓஸின் மரகத நகருக்குள் போகிறவர்களுக்கு வாயிற்காவலன் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டுவான். சாவி அவன் கழுத்தில் தொங்கும். நம் பீரோச் சாவி யார் கழுத்தில் தொங்குகிறது? சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. கையில் வெண்ணெய், ஐயா, கையில் வெண்ணெய்! கிழிந்தால் ஒட்டிக்கொள்வோம். பீரோவைத் திறந்து, நூல்களைக் குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் அடுக்குங்கள் என்பதே நம் கோரிக்கை.

டென்ஸ்லோவின் படங்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் நேரமில்லை, மன்னியுங்கள். வாசலில் மேசைமீது மனு இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள். குழந்தைகளும் போடலாம், மேசை எட்டாதவர்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறோம்.