எவன் கண்டுபிடிக்கப் போகிறான்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச் ரோட்டுக் காற்றை விட்டுவிட்டு இந்த அரங்கில் வந்து வேர்த்துக்கொண்டிருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே, கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்த நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். புதிதாக வரும், துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுகிற டாங்கி மாடல் கிட்டுக்கு முதல் தேவை கட்டும் இன்பமா, வரலாற்றுத் துல்லியமா என்பது தலைப்பு. துல்லியம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "முப்பத்தைந்தில் ஒரு பங்காய்ச் சுருக்கிய வண்டியில் நாலு ஆணி கூடக்குறைய இருந்தால் எவன் கண்டுபிடிக்கப் போகிறான்?" நல்ல வரி. நானும் தட்டினேன்.

முள்ளோடை செக்போஸ்ட்டை மனசில் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கம் நிற்கிற நம்ம போலீஸ்காரருக்குச் சிவப்புத் தொப்பி. அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம், அங்கே அந்தத் தொப்பி கிடையாது. நாளைக்கு ஒருத்தர் கடலூர் போலீஸ்காரர் பொம்மை செய்து, தலையில் நம்ம சிவப்புத் தொப்பியை மாட்டி, "மீசை எல்லாம் கச்சிதமாக இருக்கே சார், தொப்பிதானே" என்று விற்றால் வாங்குவீர்களா? கடலூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள் பாருங்கள். பிரெஞ்சுக்காரன் இங்கே இருந்துவிட்டு 1954-ல் போன கதை முழுக்க அந்தத் தொப்பிக்குள் இருக்கிறது. அதை இடம் மாற்றி வைத்தால் உள்ளூர்க்காரன் கண்ணில் உறுத்தும்.

ஷெர்மனுக்கும் அப்படி ஒரு தொப்பி உண்டு. இரண்டாம் உலகப்போர் அமெரிக்க டாங்கி அது. பல ஷெர்மன்களின் விலாவில், கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போட்டது மாதிரி, ஓர் அங்குலக் கனத்தில் இரும்புப் பலகை வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். வலப்பக்கம் 2, இடப்பக்கம் 1. ஏன் இந்த ஓரவஞ்சனை? அந்தச் சுவருக்கு நேர் உள்ளே குண்டு அடுக்கிய அலமாரி வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. எதிரியின் குண்டு அங்கே துளைத்தால் உள்ளே இருக்கிற ஐந்து பேரோடு வண்டி அடுப்பாகிவிடும். பலகை ஒட்டியும் பெரிதாகப் பலனில்லை. 1944-ல் வந்த வண்டிகளில் குண்டுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, அடுக்கைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். அடிபட்ட பழைய ஷெர்மன்களில் நூற்றுக்கு 60 முதல் 80 எரிந்தன, தண்ணீர் அடுக்கு வைத்தவற்றில் 10 முதல் 15 என்று அமெரிக்க ராணுவமே கணக்கெடுத்தது. அதற்கப்புறம் அந்த ஒட்டுக்கு வேலையில்லை.

போன வருஷம் நான் ஒரு கிட் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். பெட்டி மேல் 'புத்தம் புதிய அச்சு' என்று போட்டிருந்தது. திறந்தால், உடல் தண்ணீர் அடுக்கு வந்த பிறகு கட்டிய வண்டியின் உடல். விலாவில் அந்த மூன்று ஒட்டும் வார்ப்போடு வார்ப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது! கத்தியால் செதுக்கி, உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து, பக்கத்திலிருந்த ரிவெட் எல்லாம் மழுங்கிப்போய், இரண்டு சாயங்காலம் போயிற்று. எதிரணி நண்பர் சொன்ன கட்டும் இன்பம் அதுதானோ என்னவோ.

இன்னொரு நண்பர், "இப்போதெல்லாம் மியூசியத்துக்குப் போய் லேசரில் ஸ்கேன் எடுத்து அச்சு செய்கிறார்கள், துல்லியம் தானாக வந்துவிடும்" என்றார். வரட்டும். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை பிடித்த டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கி இங்கிலாந்தில் போவிங்டன் மியூசியத்தில் இன்றும் ஓடுகிறது. டைகரில் முதல் 250 வண்டிகளுக்கு 21 லிட்டர் எஞ்சின். இந்த வண்டியின் சொந்த எஞ்சினைப் பார்வைக்கு வைக்க வெட்டித் திறந்துவிட்டார்கள். அதனால் இப்போது உள்ளே உறுமுவது பின்னால் வந்த கிங் டைகர் டாங்கியிலிருந்து கழற்றி மாட்டிய 23 லிட்டர் எஞ்சின். இதைப் படிக்காமல் ஸ்கேனரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவன், மூடியைத் திறந்தால் யாருடைய இதயத்தை அச்சில் வார்ப்பான்?

"அந்த 35 என்ற கணக்கே பேட்டரிக்காக வந்ததுதானே" என்றும் கேட்டார்கள். உண்மை, மறைக்க வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் தமியா என்ற ஜப்பான் மாடல் கம்பெனி பேந்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் மாடல் செய்தபோது மோட்டாரும் பேட்டரியும் உள்ளே உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். ஆனால் அதே கம்பெனிதான் பின்னால் ஒரு கார் மாடலுக்காக நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்தது. அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

விலை ஏறும் என்றீர்கள். ஏறும்தான். துண்டு கூடக்கூடத் துல்லியம் என்று நானும் சொல்லவில்லை. சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோர்க்கச் சொன்னால் எனக்கும் எரிச்சல் வரும்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம்.

எங்கள் தாத்தா சொல்தா. இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போனவர். அந்தப் போரில், வியட்நாமில் இருக்கிற தியென் பியென் பூவுக்கு ரோடு வழியாக டாங்கி கொண்டுபோக முடியாமல், சாஃபி என்ற 10 அமெரிக்க டாங்கிகளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 180 துண்டாகக் கழற்றி, விமானத்தில் ஏற்றி, அங்கே இறக்கிப் பூட்டினார்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் கிட்! அவர்களிடம் போய் 'நாலு ஆணி கூடக்குறைய' என்று சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

தாத்தா இருந்தது சைகோன் பக்கம். ஒரு சாஃபியின் சங்கிலிப் பட்டை மேல் ஒரு காலை வைத்து நிற்கிற போட்டோ எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்து ஒரு சாஃபி கட்டினேன். இந்தோசீனா என்று போட்ட பெட்டிதான். மூன்று மாதம். நிறம், சேறு, துரு எல்லாம் முடித்து ஆயா கையில் கொடுத்தேன். ஆயாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தாத்தா வண்டி இல்லடா."

"அதே வண்டிதான் ஆயா."

"அவரு காலு வச்ச எடத்துல மீன்முள்ளு மாதிரி இருக்கும். இதுல சீப்பு மாதிரியில்ல இருக்கு?"

லென்ஸ் வைத்து போட்டோவைப் பார்த்தேன். அது ரப்பர் பட்டை, மேலே அம்பு அம்பாக மேடு. கிட்டுக்காரன் கொடுத்தது குறுக்குக் கோடு போட்ட எஃகுப் பட்டை.

எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்றீர்களே நண்பரே, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார், போய்ப் பேசிவிட்டு வாருங்கள். வணக்கம்.